பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து

போகிப் பண்டிகைக்குப் பரணைத் துடைக்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது என்பது சந்தோஷமான விஷயம். மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பரணில் வெண்கலப் பானைக்கும் உடைந்த கிராமபோன் பெட்டிக்கும் நடுவே ஒரு பித்தளைப் பலகை அகப்பட்டதாம். கன்னங்கரேலென்று கறுத்துப் போயிருந்ததாம். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாராம். முதலில் 'திவான் பகதூர்' என்று வந்தது. அப்புறம் மாமனாருடைய தகப்பனார் பெயர் வந்தது. கடைசியில், பெயருக்குப் பின்னால், 'சி.ஐ.இ.' என்று மூன்று எழுத்து வந்தது.

"பக்கத்தில் நின்ற என் பேத்தி, 'பாட்டி, இது எந்தக் காலேஜில் படிக்கிற படிப்பு?' என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. என் வீட்டுக்காரரோ, 'வெள்ளைக்காரனுக்குச் சலாம் போட்டு வாங்கினது. பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிடு' என்கிறார். என் மாமியார் இருந்திருந்தால் வாசலில் மாட்டச் சொல்லியிருப்பார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார் அந்த அம்மாள்.

நல்ல கேள்வி. தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் விஷயத்தைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டாமா? காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் பேத்திக்குப் பதில். சி.ஐ.இ. என்பது படிப்பு அல்ல. 1878-ஆம் வருஷம் விக்டோரியா மகாராணி பெயரால் ஏற்பட்ட 'இந்திய சாம்ராஜ்ய விருது' என்ற வரிசையில், 'தோழர்' என்ற படி. தோழர் என்றதும் செங்கொடி ஞாபகம் வர வேண்டாம். இது வேறு தோழமை! இந்த வரிசையில் மூன்று படிகள் உண்டு. அடிப்படி சி.ஐ.இ.; அதற்கு மேல் கே.சி.ஐ.இ.; உச்சியில் ஜி.சி.ஐ.இ. மேல் இரண்டு படிகளில் ஏறினவருக்குத்தான் பெயருக்கு முன்னால் 'சர்' வரும். அடிப்படிக்காரருக்குப் பின்னால் எழுத்து மட்டும்தான். இதைவிடப் பெரியதாக 1861-ல் தோன்றிய 'இந்திய நட்சத்திர விருது' ஒன்று இருந்தது, அதற்கு சி.எஸ்.ஐ., கே.சி.எஸ்.ஐ., ஜி.சி.எஸ்.ஐ. என்று எழுத்துக்கள். 1947-க்குப் பிறகு இந்த இரண்டும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப் முதலியவை இங்கேயே வைஸ்ராய் கொடுத்த பட்டங்கள். அவை பெயருக்கு முன்னால் நிற்கும். பின்னால் எழுத்து கிடையாது.

இந்திய விருதுகள் மறைந்தாலும், சீமையில் இந்த எழுத்து வியாபாரம் இன்றைக்கும் ஜோராக நடந்துகொண்டுதான் இருக்கிறது. புது வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூன் மாதம் மன்னர் பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கு ஒரு தடவை, ஆக வருஷத்தில் இரண்டு ஜாபிதா வெளியாகிறது. யார் வேண்டுமானாலும் யாருடைய பெயரையும் சிபாரிசு செய்து எழுதலாம். கமிட்டிகள் உட்கார்ந்து பொறுக்கி எடுக்கும். பிறகு சம்பந்தப்பட்டவருக்கு ரகசியமாக ஒரு கடிதம் வரும்: "உங்களுக்கு இன்ன கௌரவம் கொடுக்க உத்தேசம், சம்மதம்தானா?" என்று. ஜாபிதா வெளியாகும் வரையில் வாயைத் திறக்கக் கூடாது. நம் வீடுகளில் இது சாத்தியமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பால்காரருக்குத் தெரிந்த பிறகுதானே நமக்கே தெரியும்!

இன்று அதிகம் பேருக்குக் கிடைப்பது 'பிரிட்டிஷ் சாம்ராஜ்ய விருது'. 1917-ஆம் வருஷம், முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்தினது. இதில் ஐந்து படிகள். கீழேயிருந்து வந்தால் எம்.பி.இ., ஓ.பி.இ., சி.பி.இ.; நாலாவது படி ஆணுக்கு கே.பி.இ., பெண்ணுக்கு டி.பி.இ.; உச்சியில் ஜி.பி.இ. ஒரு படி மேலே ஏறினால் கீழ்ப்படி எழுத்தைப் பொதுவாகக் கழற்றிவிட வேண்டும். தோட்டைப் போட்டுக்கொண்டே இன்னொரு தோட்டை மாட்டிக்கொள்ள முடியாது, பாருங்கள்.

இந்த எழுத்துக்களைப் பற்றி சீமைக் காரியாலயங்களில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. 1818-ல் ஏற்பட்ட 'மைக்கேல்–ஜார்ஜ்' விருது, முக்கியமாக வெளிநாட்டு இலாகா உத்தியோகஸ்தர்களுக்குக் கிடைப்பது. அதன் எழுத்துக்கள் சி.எம்.ஜி., கே.சி.எம்.ஜி., ஜி.சி.எம்.ஜி. முதலாவதற்கு 'கால் மீ காட்' என்று விரிவு சொல்வார்கள். 'என்னைக் கடவுள் என்று கூப்பிடு' என்று பொருள். இரண்டாவதற்கு, 'தயவுசெய்து என்னைக் கடவுள் என்று கூப்பிடு'. மூன்றாவதற்கு? 'கடவுளே என்னைக் கடவுள் என்று கூப்பிடுகிறார்'! ஆபீஸில் வேலை பார்க்கிற பெண்களுக்கு இந்த மூன்று ரக மேலதிகாரிகளையும் நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை.

சரி, பெண்கள் விஷயத்துக்கு வருவோம். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்கள் கேட்கக் காத்திருப்பதும் அதைத்தானே?

இங்கிலாந்தில் வீரப் பட்டங்களுக்குள் மூத்தது 'கார்ட்டர்' என்ற பட்டம். காலுறை நழுவாமல் கட்டுகிற நாடாவுக்கு அங்கே அப்படிப் பெயர். 1348-ஐ ஒட்டி மூன்றாம் எட்வர்ட் மன்னர் ஏற்படுத்தினார். நடனத்தின்போது ஒரு சீமாட்டியின் நாடா அவிழ்ந்து விழுந்துவிட்டது, சபையோர் சிரித்தார்கள், மன்னர் அதை எடுத்துத் தம் காலில் கட்டிக்கொண்டு, "இதைத் தப்பாக நினைக்கிறவனுக்கு வெட்கக்கேடு!" என்றார் என்று ஒரு கதை. சரித்திரமா, கட்டுக்கதையா, யார் கண்டார்கள்? ஆனால் அந்த வாசகம் பிரெஞ்சு பாஷையில் இன்றும் அந்த விருதின் முத்திரையில் இருக்கிறது. ஒரு பெண்ணின் நாடாவிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் இந்தப் பட்டத்தில், ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்ப்பது என்று விதியை மாற்றினது எப்போது தெரியுமா? 1987-ல்! அறுநூறு வருஷங்களுக்கும் மேல் ஆகியிருக்கிறது. ராஜகுடும்பத்துக்கு வெளியே அப்படிச் சேர்ந்த முதல் பெண்மணி நார்போக் சீமாட்டி லவினியா, வருஷம் 1990.

'ஆர்டர் ஆப் மெரிட்' என்று இன்னொன்று. 1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னர் ஏற்படுத்தினார். 'சர்' கிடையாது, பெயருக்குப் பின்னால் ஓ.எம். என்ற இரண்டே எழுத்து. அந்நியர்களைச் சேர்க்காமல், ஒரே சமயத்தில் இருபத்து நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகையால் ஜி.சி.க்களும் கே.சி.க்களும்கூட இந்த இரண்டு எழுத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். இதைப் பெற்ற முதல் பெண் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கிரிமியா யுத்தத்தில் காயம்பட்டவர்களுக்குச் சிசுருஷை செய்தது 1854-ல். ஓ.எம். வந்தது 1907-ல், அப்போது அம்மையாருக்கு வயது 87. இரண்டாவது பெண், ரசாயன விஞ்ஞானி டாரதி ஹாட்கின், வருஷம் 1965. ஒரு பெண்ணுக்கும் அடுத்த பெண்ணுக்கும் நடுவே 58 வருஷங்கள்!

1917-ல் வந்த சாம்ராஜ்ய விருது மட்டும் ஆரம்பத்திலிருந்தே பெண்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது. யுத்தத்தில் ஆஸ்பத்திரியிலும் வெடிமருந்துச் சாலையிலும் பெண்கள் உழைத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மூட முடியவில்லை என்று சொல்லலாம். ஆணுக்கு 'சர்' என்றால், பெண்ணுக்கு 'டேம்'. ஆனால் இதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கணவர் 'சர்' ஆனால் மனைவி தானாகவே 'லேடி' ஆகிவிடுகிறாள். மனைவி 'டேம்' ஆனால் கணவர் வெறும் 'மிஸ்டர்'தான். இதைப் பெண்ணுக்குக் கிடைத்த சலுகை என்பதா, அவளுக்கென்று தனிப் பெயர் இல்லை என்று நினைத்ததன் மிச்சம் என்பதா? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் தேசத்துப் பெண்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். போபாலை ஆண்ட சிக்கந்தர் பேகம் இந்திய நட்சத்திர விருதைப் பெற்றார். ராஜ்யத்தை ஆண்டவர் என்பதால் கிடைத்தது. மற்றபடி, 1878-ல் பெண்களுக்கென்றே 'இந்தியக் கிரீட விருது' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பெயருக்குப் பின்னால் சி.ஐ. என்று இரண்டு எழுத்து. முக்கியமாக வைஸ்ராய்களின் மனைவிமாருக்கும் ராஜகுமாரிகளுக்கும் மகாராணிகளுக்கும் அது. 1947-ல், பிற்காலத்தில் ராணியான எலிஸபெத்துக்கும் அது கிடைத்தது. அவர் 2022-ல் காலமானபோது அந்த எழுத்துக்களும் உலகத்தை விட்டு மறைந்தன.

சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு எட்டக்கூடியதாக இருந்தது 1900-ல் தோன்றிய 'கெய்சர்-இ-ஹிந்த்' பதக்கம். பதினோரு வயதில் விதவையாகி, பின்பு பட்டதாரியாகி, விதவைப் பெண்களுக்குப் படிப்பும் வாழ்வும் அளித்தாரே நம் சகோதரி சுப்புலட்சுமி, அவருக்கு 1920-ல் அந்தப் பதக்கம் கிடைத்தது. அதே 1920-ல், அதே பெயர் கொண்ட தம்முடைய பதக்கத்தைக் காந்திஜி வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டும் சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் வாங்கினதால் அவருடைய தொண்டு குறையவில்லை. ஒருவர் திருப்பினதால் அந்தப் பதக்கம் சுமந்த அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது.

திருப்பிக் கொடுத்தவர்களில் நம் ஊர்க்காரர் ஒருவரை மறக்கக் கூடாது. சென்னை ஹைகோர்ட் ஜட்ஜாக இருந்த சர் எஸ். சுப்பிரமணிய அய்யர், கே.சி.ஐ.இ. இந்தியாவுக்குச் சுயஆட்சி வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கு 1917-ல் ஒரு கடிதம் எழுதினார். சர்க்கார் தரப்பிலிருந்து கடுமையாகக் கண்டித்தார்கள். 1918-ல் அந்தக் கிழவர் பட்டத்தையே துறந்துவிட்டார். அடுத்த வருஷம் ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பிறகு கவி தாகூர் தம் 'சர்' பட்டத்தை உதறியதை எல்லோரும் அறிவோம். அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே சென்னையில் ஒருவர் வழி காட்டிவிட்டார்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்களா? சமீபத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கிலாந்தில் கிராமத்துத் தபாலாபீஸ் என்பது பெரும்பாலும் ஒரு மளிகைக் கடையின் மூலையில் இருக்கும். கடைக்காரரே தபால் கணக்கையும் பார்ப்பார். 1999 முதல் 'ஹொரைஸன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கை அந்த ஆபீஸ்களில் வைத்தார்கள். அது தப்புத் தப்பாகக் கூட்டிப் பெட்டியில் பணம் குறைகிறது என்று காட்டிற்று. யந்திரம் பொய் சொல்லாது, மனிதர்தான் திருடியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி வழக்குப் போட்டார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆனார்கள். வீடு போயிற்று, மானம் போயிற்று. சிலருக்கு உயிரே போயிற்று. சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண், வயிற்றில் குழந்தையோடு 2010-ல் சிறைக்குப் போனார். அன்றைக்கு அவருடைய மூத்த பிள்ளைக்குப் பத்தாவது பிறந்தநாள்.

அந்தத் தபால் ஸ்தாபனத்தின் தலைவியாகப் பின்னால் பல வருஷம் இருந்த பாலா வெனல்ஸ் என்ற அம்மாளுக்கு, தபால் சேவைக்காகவும் தர்ம காரியங்களுக்காகவும் என்று சொல்லி, 2019-ல் சி.பி.இ. கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களைத் திரட்டி இருபது வருஷம் போராடிய ஆலன் பேட்ஸ் என்பவருக்கு ஓ.பி.இ. கொடுக்க முன்வந்தார்கள். "அந்த அம்மாளுக்கு அந்த எழுத்து இருக்கும் வரையில் எனக்கு இந்த எழுத்து வேண்டாம்" என்ற கருத்தில் அவர் மறுத்துவிட்டார்.

2024 ஜனவரியில் இந்தக் கதை டெலிவிஷனில் நாடகமாக வந்தது. தேசமே கொதித்தது. சி.பி.இ.யைப் பிடுங்க வேண்டும் என்று பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அம்மாள் தாமே திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். பிப்ரவரியில் மன்னர் சார்லஸ் அதை முறைப்படி ரத்து செய்தார். ஜூன் மாதம் பேட்ஸ் 'சர் ஆலன்' ஆனார். 2025 புது வருஷ ஜாபிதாவில் சீமா மிஸ்ராவுக்கு ஓ.பி.இ. வந்தது. கிராமத்துக் கடை வைத்திருந்த ஜோ ஹாமில்டன் என்ற அம்மாளுக்கும், கூடப் போராடிய இன்னும் இரண்டு பேருக்கும் வந்தது.

இதிலே ஒரு நுட்பம் பாருங்கள். சர் ஆலனுக்குக் கிடைத்தது எந்த வரிசையிலும் சேராத தனி 'சர்' பட்டம். நம் சர் சி. வி. ராமனுக்கு 1929-ல் கிடைத்ததும் அந்த ரகம்தான். அதற்குப் பெயருக்குப் பின்னால் சாம்ராஜ்ய எழுத்து எதுவும் கிடையாது. எழுத்தைச் சூட்டிக்கொண்டவரிடமிருந்து எழுத்து போயிற்று. எழுத்தே வேண்டாம் என்றவருக்கு எழுத்தில்லாத பட்டம் வந்தது. கதாசிரியர் எழுதியிருந்தால் 'ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே, நம்ப முடியவில்லை' என்று நீங்களே குறை சொல்லியிருப்பீர்கள்.

இந்த எழுத்துக்களையெல்லாம் வரிசையாக எழுதும்போது எது முதலில் வரவேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. கார்ட்டருக்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டே இரண்டு. வி.சி. என்ற விக்டோரியா கிராஸ், ஜி.சி. என்ற ஜார்ஜ் கிராஸ். இரண்டும் உயிரைத் துச்சமாக மதித்த தைரியத்துக்கு. இதற்கு வம்சம் பார்ப்பதில்லை, உத்தியோகம் பார்ப்பதில்லை. 1914-ல் பஞ்சாப் சிப்பாய் குதாதாத் கான் வி.சி. பெற்றார். ஒரு பிரபு ஜி.சி.எம்.ஜி. வாங்கியிருக்கலாம், சிப்பாயின் இரண்டு எழுத்துக்கு முன்னால் அது இரண்டாம்பட்சம்தான்.

அந்த ஜி.சி.யை 1949-ல் ஓர் இந்தியரின் மகளுக்குக் கொடுத்தார்கள். நூர் இனாயத் கான். தகப்பனார் பரோடாவைச் சேர்ந்த சங்கீத வித்வான், சூபி ஞானி, தாயார் அமெரிக்கர். வீணை வாசிப்பாள்; குழந்தைகளுக்கு ஜாதகக் கதைகள் எழுதினாள். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸில் ரகசிய ரேடியோ அனுப்புவதற்காக 1943-ல் போனாள். கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் பிடிபட்டபோது, திரும்பி வந்துவிடு என்று சொல்லியும் வர மறுத்தாள். கடைசியில் காட்டிக்கொடுக்கப்பட்டாள். எவ்வளவோ சித்திரவதை, ரகசியம் வாயிலிருந்து வரவில்லை. 1944 செப்டம்பரில் டாகாவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். வயது முப்பது. அவளுடைய இரண்டு எழுத்து வந்தபோது அதைப் போட்டுக்கொள்ள அவள் இல்லை.

சுதந்திர இந்தியா என்ன செய்தது? பட்டங்களே கூடாது என்று அரசியல் சட்டத்தின் 18-வது விதி சொல்லிவிட்டது. 1954-ல் பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் வந்தன. முதல் பாரத ரத்னா மூன்றும், ராஜாஜி, ராதாகிருஷ்ணன், ராமன் என்று, நம் பக்கத்துப் பெரியவர்களுக்கே கிடைத்தன. ஆனால் இவை பட்டம் அல்ல. பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 1995-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்! வெளிநாட்டாருக்கு பிரிட்டன் கௌரவ விருது கொடுத்தால் அவர்கள் 'சர்' போட்டுக்கொள்ள முடியாது. ரத்தன் டாட்டாவுக்கு 2014-ல் ஜி.பி.இ. கிடைத்தும் அவர் 'சர் ரத்தன்' ஆகவில்லை.

இப்போது மயிலாப்பூர் அம்மாளுக்குப் பதில்.

அம்மா, பலகையைப் பாத்திரக்காரனிடம் போடாதீர்கள். வாசலிலும் மாட்டாதீர்கள். கூடத்தில் மாட்டுங்கள். அந்தப் பெரியவர் சலாம் போட்டு வாங்கினாரா, பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டி வைத்து வாங்கினாரா என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இந்த ஜாபிதாக்கள் எல்லாம் 'லண்டன் கெஜட்' என்ற சர்க்கார் பத்திரிகையில் வெளியானவை. அதன் பழைய இதழ்களை இப்போது கம்ப்யூட்டரிலேயே பெயரைப் போட்டுத் தேடலாம். உங்கள் பேத்தி ஐந்து நிமிஷத்தில் எடுத்துத் தருவாள். அப்போது அவர் பார்த்த உத்தியோகம் தெரியும். செய்த காரியம் என்ன என்பதை ஊர்க்காரர்களையும் உறவுக்காரர்களையும் கேளுங்கள். அதைப் பேத்திக்குச் சொல்லுங்கள்; நல்லதையும் சொல்லுங்கள், மற்றதையும் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. அவருடைய மனைவியின் பெயர் என்ன? நீங்கள் எழுதவில்லை. சி.ஐ.இ.க்கு 'சர்' இல்லை என்று சொன்னேன் அல்லவா? ஆகவே அந்த அம்மாளை யாரும் 'லேடி' என்றுகூடக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பலகையைத் தினமும் தேய்த்து வைக்கச் சொன்னது யார், திவான் பகதூரைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டது யார் என்று கெஜட்டில் இருக்காது. குடும்பத்தில் வயதானவர்கள் யாராவது இருந்தால் உடனே போய்க் கேளுங்கள். பெயர் கிடைத்ததும், ஒரு காகிதத்தில் முழுப் பெயராக எழுதி, பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எழுத்து ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

கிடைத்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.